கடற்கரை மணலில் களாச்செடி வருமா?

"வீடு கடலுக்கு அரை கிலோமீட்டரில். மண் முழுக்க மணல். கொய்யா, மாதுளை இரண்டும் கருகிவிட்டன. களா வைத்தால் வருமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாக வரும். எங்கள் வீடு திருச்செந்தூருக்குத் தெற்கே. குழி தோண்டத் தோண்டச் சரிந்து மூடிக்கொள்ளும் மணல். வேலியோரம் ஒன்பது களா நிற்கின்றன, மூன்றாம் வருஷத்திலிருந்து காய்ப்புதான்.

ஆனால் முதல் தடவை நட்டதில் ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. சித்திரையில் நட்டது என் தப்பு. ஆடிக்காற்று மணலை வாரி அடித்ததில் தளிரெல்லாம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி ஆகிவிட்டது. நம் பக்கம் மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். புரட்டாசிக் கடைசியில் குழி எடுத்து வைத்து, முதல் நல்ல மழை இறங்கியதும் நடுங்கள். அடுத்த ஆடிக்குள் வேர் ஆழம் பிடித்துவிடும். ஓலை மறைப்பை மேற்குப் பக்கம் கட்டுங்கள். கடல் கிழக்கே இருந்தாலும், மணலை அள்ளி வருவது மேல்காற்று. முதல் வருஷம் மட்டும் போதும்.

குழி ஒன்றரை அடி. அடியில் கதம்பையை, அதாவது தேங்காய் மட்டையை, குழிந்த பக்கம் மேலே இருக்கும்படி இரண்டு வரிசை அடுக்குங்கள், தென்னம்பிள்ளைக்குச் செய்வோமே, அதேதான். மணலில் ஊற்றுகிற தண்ணீர் நேரே கீழே போய்விடும், கதம்பை கொஞ்சம் பிடித்து வைக்கும். மேலே செம்மண்ணும் மக்கிய சாணமும். இரண்டு கோடை தாண்டிவிட்டால் அப்புறம் தண்ணீர் ஞாபகமே வேண்டாம்.

விதை போடுவதானால் பழம் தின்ற கையோடு போட்டுவிட வேண்டும். காயவைத்து டப்பாவில் பத்திரப்படுத்திய விதை முளைக்காது. பையில் வளர்த்து அடுத்த ஐப்பசியில் நடலாம். நர்சரியில் வாங்கினால் பார்த்து வாங்குங்கள்: சிவப்பாக, பெரிசாகப் பழுப்பது தென்னாப்பிரிக்கக் களா. அதுவும் உப்புக்காற்றுக்குத் தாங்கும், ஆனால் ஊறுகாய்க்கு எனக்கு நம்முடையதுதான். நம் களா வெள்ளையும் ரோஸுமாகக் காய்த்து, பழுத்தால் கறுத்துவிடும்.

முள் பொல்லாதது, பிள்ளைகள் ஓடும் வழியில் வைக்காதீர்கள். பறிக்கும்போது கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டால் பால் ஒட்டாது. பழத்துக்கு மயில்களோடு போட்டி போட்டு ஆகாது. நான் பாதியைக் காயிலேயே பறித்து உப்பில் போட்டுவிடுகிறேன்.