தற்கொலை பற்றிய புள்ளிவிவரங்களில் எதை நம்புவது?

"இந்தியாவில் வருடத்துக்கு எத்தனை தற்கொலைகள்? ஆளுக்கொரு எண் சொல்கிறார்களே?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் பார்க்க வேண்டியது தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கை. இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. 2022இல் 1,70,924 பேர் என்கிறது அது. ஆனால் இது காவல் நிலையப் பதிவுகளிலிருந்து வரும் கணக்கு. ஊர்ப்பேச்சுக்கும் வழக்குக்கும் பயந்து "வயிற்றுவலி", "தவறி விழுந்தார்" என்று குடும்பங்கள் சொல்லிவிடும் சாவுகள் இதில் வராது. வீடு வீடாக விசாரித்து மரணக் காரணத்தைக் கண்டறிந்த ஓர் ஆய்வு, 2010இல் சுமார் 1,87,000 பேர் என்று மதிப்பிட்டது. அதே ஆண்டு காவல்துறைக் கணக்கு 1,35,000க்கும் கீழே. அந்த இடைவெளியில் இருப்பவர்களும் மனிதர்கள்தானே! அதனால் காப்பகத்தின் எண்ணைக் குறைந்தபட்சமாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், மொத்த எண்ணிக்கையை வைத்து மாநிலங்களை ஒப்பிடாதீர்கள். 2022இல் மகாராஷ்டிரத்தில் 22,746, தமிழ்நாட்டில் 19,834. ஆனால் லட்சம் பேருக்கு எத்தனை என்று பார்த்தால் அங்கே 18.1, இங்கே 25.9. தலைகீழாகிவிடுகிறது, பாருங்கள்.

காப்பகத்தின் அறிக்கையில் 'காரணம்' என்று போட்டிருக்கும் பட்டியலை நான் அவ்வளவாக நம்புவதில்லை. கடன், குடி, மனச்சோர்வு எல்லாம் பின்னிக் கிடக்கும் ஒரு வாழ்க்கையை 'குடும்பப் பிரச்சினை' என்ற ஒற்றைக் கட்டத்தில் அடைக்க முடியாது.

உலக நாடுகளை ஒப்பிட வேண்டுமென்றால் உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடுகள் சரி.

ஒருவேளை மனம் கனத்துப்போய் இதைத் தேடுகிறீர்கள் என்றால், அரசின் மனநல உதவி எண்ணான 14416க்கு இப்போதே கூப்பிடுங்கள். இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.