வெண்கட்டி பிடித்த கை: தலைமைத்துவம் பற்றி ஒரு டீச்சரிடம் கேட்டவை

கொழும்பில் தமிழ்மொழி மூலப் பாடசாலைகளில் விஞ்ஞானம் படிப்பித்து, பகுதித் தலைவராகவும் பிறகு பிரதி அதிபராகவும் இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஆட்களை வழிநடத்துவது பற்றி வகுப்பறை என்ன கற்றுத் தந்தது என்று கேட்கலாம் எனச் சொன்னதும், ஆசிரியர்களைவிடக் கடைக்காரர்களும் வங்கிக்காரர்களும்தான் கூடக் கேட்டிருக்கிறார்கள். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாக்கிவிட்டேன்.

கேள்வி (வெள்ளவத்தை, வங்கி அதிகாரி): நாற்பது சின்னப்பிள்ளைகளை அடக்கி வைத்திருப்பதும் வளர்ந்தவர்களை வழிநடத்துவதும் ஒன்றா டீச்சர்? கோபிக்க வேண்டாம். எனக்கு உண்மையிலேயே விளங்கவில்லை.

கோபமில்லை, நியாயமான கேள்வி. ஒன்றல்லத்தான். ஆனால் எது கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள். உங்கள் கிளையில் வேலை செய்பவர் தானாக விண்ணப்பித்து, நேர்முகத் தேர்வுக்கு வந்து, மாதச் சம்பளத்துக்கு நிற்பவர். சரிவராவிட்டால் இடமாற்றத்துக்கு எழுதுவீர்கள், நன்றாகச் செய்தால் பதவி உயர்வுக்குச் சிபாரிசு செய்வீர்கள். அரசாங்கப் பாடசாலை ஆசிரியரிடம் இதில் ஒன்றுமே இல்லை. வகுப்பை அவர் தெரிவு செய்வதில்லை, ஒருவரையும் நீக்க முடியாது, ஒரு சதமும் கூட்டிக் கொடுக்க முடியாது. காலை 7.30 மணிக்கு மணி அடித்தால் பிற்பகல் 1.30 வரைக்கும், விருப்பமில்லாமல் வந்திருக்கும் பிள்ளையையும் வைத்துக்கொண்டு வேலை நடக்க வேண்டும். கையில் காசும் இல்லை, வெட்டுகிற அதிகாரமும் இல்லை என்றால் மிச்சம் என்ன இருக்கிறதோ, அதைத்தான் நான் தலைமை என்று நினைக்கிறேன்.

அமெரிக்காவில் ஜேக்கப் கூனின் என்றொரு உளவியலாளர் இருந்தார். விரிவுரையில் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்த ஒரு மாணவனை அதட்டியபோது, குற்றம் செய்யாத மற்றவர்களும் விறைத்துப்போனதைப் பார்த்துத்தான் அவருக்கு இந்த விஷயத்தில் ஆர்வம் வந்தது. சரியாக அதட்டுவது எப்படி என்று கண்டுபிடிக்கலாம் என்று போனவர், வகுப்பறைகளை வீடியோ எடுத்துப் பார்த்தபின் 1970இல் எழுதிய முடிவு வேறு. குழப்படி நடந்த பிறகு ஆசிரியர் எப்படி அதட்டினார் என்பதற்கும் வகுப்பு ஒழுங்காக இருந்ததற்கும் தொடர்பே தெரியவில்லை. நல்ல ஆசிரியர்களின் வித்தியாசம் அதற்கு முன்னாலேயே இருந்தது. கரும்பலகையில் எழுதும்போதும் பின்வரிசையில் என்ன நடக்கிறது என்று அவர்களுக்குத் தெரிகிறது. அது பிள்ளைகளுக்கும் தெரிகிறது. ஒரு வேலையில் இருந்து அடுத்த வேலைக்குத் தடங்கல் இல்லாமல் போகிறார்கள், சும்மா காத்திருக்க வைப்பதில்லை. வகுப்பு குழம்புவது பெரும்பாலும் ஆசிரியர் பெட்டியில் எதையோ தேடும் அந்த இரண்டு நிமிடத்தில்தான்.

உங்கள் கிளையிலும் பாருங்கள். ஆட்கள் முறுகிக்கொள்வது வேலை கூடிய நாளிலா, என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கும் நாளிலா?

கேள்வி (புறக்கோட்டை, புடவைக் கடை உரிமையாளர்): அடியாத மாடு படியாது என்று வளர்ந்தவர்கள் நாங்கள். இப்ப பள்ளிக்கூடத்திலேயே கை வைக்க ஏலாதாம். கடையில் பொடியன்கள் ஒவ்வொரு நாளும் பிந்தி வருகிறார்கள். சத்தம் போடாமல் என்ன செய்வது?

முதலாளி, பாடசாலைகளில் உடல் தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சு 2005இலேயே சுற்றறிக்கை விட்டது. அதற்குப் பிறகும் பிரம்பு எடுத்தவர்கள் உண்டு, அவர்களுடைய வகுப்பு அமைதியாக இருந்ததும் உண்டு. அவர் அறையை விட்டு வெளியே போன உடனே அந்த அமைதியும் கூடவே போய்விடும். நீங்கள் வங்கிக்கோ துறைமுகத்துக்கோ போன நேரத்தில் கடை எப்படி ஓடுகிறது என்பதுதான் உங்களுக்கும் கணக்கு.

முதலில் ஒன்று கேட்கிறேன். உங்கள் பொடியன்கள் மலையகத்தில் இருந்து வந்து கடை மேல்மாடியில் தங்குபவர்களா? அப்படியென்றால் முதல்நாள் இரவு லொறியில் சாமான் இறக்கி முடிய எத்தனை மணி ஆனது? பாடசாலைக்குப் பிந்தி வரும் பிள்ளையிடம் "ஏன் பிந்தினாய்?" என்று வாசலில் வைத்து எல்லோர் முன்னாலும் கேட்டால் பொய்தான் வரும். இடைவேளையில் தனியாகக் கூப்பிட்டு "காலையில் வீட்டில் என்ன வேலை உனக்கு?" என்று கேட்டால், தம்பியைப் பாலர் பாடசாலையில் விட்டுவிட்டு மட்டக்குளியில் இருந்து பஸ் பிடிப்பது தெரியவரும். காரணம் தெரிந்தபிறகு நேரத்தை மாற்றுவதா, கண்டிப்பதா என்று முடிவு எடுக்கலாம். காரணமே இல்லாமல் பிந்துபவனும் இருப்பான். அவனுக்குத் தண்டனை சின்னதாக, ஆனால் தவறாமல் இருக்க வேண்டும். பத்து நாள் விட்டுவிட்டு பதினோராம் நாள் வெடிப்பதில் ஒரு பயனும் இல்லை. ஏனென்றால் அவன் அன்றைக்கு உங்களுக்கு மனம் சரியில்லை என்றுதான் நினைப்பான்.

கேள்வி (தெமட்டகொட, மென்பொருள் குழுத் தலைவர்): மீட்டிங்கில் "ஏதும் கேள்வி இருக்கா, வேற யோசனை இருக்கா?" என்று கேட்டால் எல்லோரும் மேசையைப் பார்க்கிறார்கள். பிறகு தேநீர் குடிக்கும் இடத்தில் ஆயிரம் குறை. எப்படிக் கதைக்க வைப்பது?

கேட்டுவிட்டு எவ்வளவு நேரம் பேசாமல் இருக்கிறீர்கள் தம்பி? மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் வகுப்பறை ஒலிப்பதிவுகளை வைத்து 1970களில் இதை அளந்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு செக்கன் அளவுதான் பொறுக்கிறார்கள். பிறகு தாங்களே பதிலைச் சொல்கிறார்கள், அல்லது அடுத்த பிள்ளைக்குத் தாவுகிறார்கள். அதை மூன்று செக்கனுக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீண்டன, "தெரியாது" என்பது குறைந்தது, வழமையாக வாய் திறக்காத பிள்ளைகளும் பதில் சொன்னார்கள். மூன்று செக்கன் என்பது கேட்க ஒன்றுமில்லை. எல்லோரும் உங்களையே பார்த்துக்கொண்டிருக்க அதைத் தாங்குவது சின்ன விஷயமில்லை. மனதுக்குள் எண்ணிப் பழகுங்கள்.

இன்னொன்று. பெயரைச் சொல்லிவிட்டுக் கேள்வி கேட்காதீர்கள். பெயர் விழுந்ததும் மற்றவர்கள் யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள். கேள்வி, கொஞ்ச நேரம், அதன்பிறகு பெயர்.

உங்கள் குழுவில் தமிழ், சிங்களப் பிள்ளைகள் கலந்திருப்பார்கள், மீட்டிங் ஆங்கிலத்தில் நடக்கும் என்று நினைக்கிறேன். பாதிப் பேருக்கு யோசனை இருக்கும், வசனம் கட்டப் பயம். கொழும்பில் இது நாங்கள் எல்லோரும் படும் பாடுதான். இரண்டு நிமிடம் கொடுத்து அவரவருக்கு வசதியான மொழியில் ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள், பிறகு வாசிக்கச் சொல்லுங்கள். எழுதி வைத்ததை வாசிக்க ஆட்கள் அவ்வளவு கூச்சப்படுவதில்லை. கடைசியாக, நீங்கள் உங்கள் கருத்தை முதலில் சொல்லிவிட்டால் மீட்டிங் அந்த இடத்திலேயே முடிந்துவிட்டது.

கேள்வி: தலைமைத்துவத்துக்கு எம்.பி.ஏ. செய்ய வேண்டுமா?

காசும் நேரமும் இருந்தால் செய்யுங்கள். ஐந்தொகை வாசிக்க வகுப்பறை கற்றுத்தராது.

கேள்வி (கொட்டாஞ்சேனை, ஆசிரியை): என்னைப் பகுதித் தலைவராகப் போட்டிருக்கிறார்கள். எனக்குக் கீழே இருப்பவர்களில் பலர் வயதில் மூத்த அக்காமார், ஒருவர் எனக்கே படிப்பித்தவர். பாடக்குறிப்பு கேட்டால்கூட முகத்தைத் திருப்புகிறார்கள்.

தங்கச்சி, பாடக்குறிப்பில் தொடங்காதீர்கள். ரிலீஃபில் தொடங்குங்கள்.

பாடசாலைக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். ஓர் ஆசிரியர் லீவு எடுத்தால் அவருடைய வகுப்புகளுக்கு வேறு ஆட்களை அனுப்ப வேண்டும். இருக்கிற ஒன்றிரண்டு ஓய்வுப் பாடவேளையில் கொப்பி திருத்த உட்கார்ந்த ஆளின் மேசைக்கு அதற்கான ரிலீஃப் துண்டு வரும். பாடசாலையில் நடக்கும் சண்டைகளில் பாதி அந்தத் துண்டில்தான் தொடங்குகிறது. யாருக்கு அடிக்கடி போகிறது, யாருக்குப் போவதே இல்லை, பகுதித் தலைவரின் சிநேகிதி எத்தனை தரம் தப்பினாள் என்று ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் மனப்பாடம். சேவைக்கால மூப்பு, பட்டம், அதிபரின் ஆதரவு எதுவுமே இந்த ஒரு கணக்குக்கு முன்னால் நிற்காது.

ஆகவே ரிலீஃப் பதிவை எல்லோரும் பார்க்கும் இடத்தில் தொங்கவிடுங்கள். உங்கள் பெயரும் அதில் மற்றவர்களைப் போலவே வர வேண்டும். கடைசிப் பாடவேளை, தரம் 9இன் குழப்படி வகுப்பு, அதை முதல் வாரத்தில் நீங்களே எடுங்கள். ஒரு தவணை இப்படி நேர்மையாக நடத்தினால் பாடக்குறிப்பு கேட்காமலே மேசைக்கு வரும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் கேட்டால் வரும்.

உங்களுக்குப் படிப்பித்தவரை இன்னும் "டீச்சர்" என்றே கூப்பிடுங்கள், பதவி வந்ததென்று மாற்றத் தேவையில்லை. அவருக்குப் பணிக்க வேண்டியதை எல்லோர் முன்னும் சொல்லாமல், அவர் மேசைக்குப் போய்ச் சொல்லுங்கள். வகுப்பு அவதானிப்புக்குப் போவதற்கு முன்னால் அவரை உங்கள் வகுப்பில் வந்து பின்வரிசையில் இருக்கச் சொல்லுங்கள். மூத்தவர்களிடம் ஆலோசனை கேட்பது போல நடித்து, முடிவை ஏற்கனவே எடுத்துவைத்திருப்பது மட்டும் வேண்டாம். அதை அவர்கள் வாசலிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

கேள்வி (இரத்மலானை, ஆடைத் தொழிற்சாலை மேற்பார்வையாளர்): வருட முடிவில் ஒவ்வொருவருக்கும் ஐந்துக்கு இத்தனை என்று புள்ளியும், திருந்த வேண்டியதும் எழுதிக் கொடுக்கிறோம். எழுதியதை ஒருவரும் வாசிப்பதில்லை.

வாசிக்க மாட்டார்கள். ரூத் பட்லர் 1988இல் வெளியிட்ட ஆய்வில் பிள்ளைகளை மூன்று விதமாகப் பிரித்தார். ஒரு பகுதிக்குப் புள்ளி மட்டும், இன்னொன்றுக்குக் குறிப்பு மட்டும், மூன்றாவதுக்கு இரண்டும். அடுத்த வேலையில் முன்னேறியது குறிப்பு மட்டும் வாங்கியவர்கள். இரண்டும் வாங்கியவர்கள், புள்ளி மட்டும் வாங்கியவர்களைப் போலவே நின்றார்கள். புள்ளி வந்தால் குறிப்பு செத்துப்போகிறது. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் முடிவு வந்த அன்று எந்த வீட்டிலாவது "பிள்ளைக்கு எந்தப் பகுதி விளங்கவில்லை" என்று யாரும் கேட்டதுண்டா? வெட்டுப்புள்ளி எத்தனை, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு எத்தனை, அவ்வளவுதான்.

புள்ளியை உங்களால் நிறுத்த முடியாது, அது மேலிடத்து விஷயம். குறிப்பை வேறாகப் பிரியுங்கள். மார்கழியில் புள்ளி என்றால், ஆவணியில் அவருடைய இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று, "தையல் நேராக இருக்கு, கைப்பட்டி பூட்டும் இடத்தில்தான் நேரம் போகுது, இதை இப்படிப் பிடிச்சுப் பாருங்கோ" என்று ஒரு விஷயம் மட்டும் சொல்லுங்கள். ஒன்று போதும்.

கேள்வி (வங்கி, அலுவலகங்களில் இருந்து பலர்): புதிதாகப் பொறுப்பு எடுக்கும்போது, முன்பிருந்தவரிடம் ஒவ்வொருவரையும் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லதா?

தை மாதம் புது வகுப்பு இடாப்பைக் கையில் எடுத்தவுடன் முந்திய வகுப்பாசிரியர் வந்து "இவனைக் கவனம், இவள் பரவாயில்லை" என்று சொல்லத் தொடங்குவார். நோய், குடும்ப நிலைமை, கண்ணாடி போட வேண்டிய பிள்ளை, இவற்றை உடனே கேளுங்கள். குணம் பற்றிய தீர்ப்பைத் தவணை நடுவில் கேட்டுக்கொள்ளலாம். ஆசிரியரின் எதிர்பார்ப்பே பிள்ளையை மாற்றுகிறது என்று ரோசந்தால், ஜேக்கப்சன் என்ற ஆய்வாளர்கள் 1968இல் சொன்னது பெரிய விவாதமானது. எவ்வளவு மாற்றுகிறது என்பதில் பிறகு வந்தவர்கள் ஒத்துப்போகவில்லை. எனக்கு அந்த அளவு முக்கியமில்லை. "குழப்படிக்காரன்" என்று கேள்விப்பட்ட பிறகு அவன் பென்சில் விழுந்த சத்தம்கூட எனக்குக் குழப்படியாகக் கேட்கும், அது போதும்.

கேள்வி (பம்பலப்பிட்டி, பழைய மாணவர் சங்கச் செயலாளர்): எல்லா வேலையும் என் தலையில். பிரித்துக் கொடுத்தால் அரைகுறையாகச் செய்கிறார்கள், கடைசியில் இரவிரவாக நான்தான் திரும்பச் செய்கிறேன்.

அதுதான் அவர்கள் அரைகுறையாகச் செய்யக் காரணம், நீங்கள் செய்வீர்கள் என்று தெரியும்.

இல்ல விளையாட்டுப் போட்டியை நினைத்துப் பாருங்கள். இல்ல அலங்காரத்தைப் பிள்ளைகளிடம் விட்டால் எப்படி வெறி பிடித்ததுபோல் வேலை செய்வார்கள்! தென்னோலை எங்கே வாங்குவது, எந்த நிறத் துணி, காசு எவ்வளவு, எல்லாமே அவர்கள் தீர்மானம். அதே பிள்ளைகளிடம் "இந்தக் கதிரையைத் தூக்கி அங்கே வை" என்று சொன்னால் மறைந்துவிடுவார்கள். நீங்கள் கொடுப்பது முழு வேலையா, கதிரை தூக்குவதா? முழு வேலையைக் கொடுங்கள், காசையும் கொடுங்கள், எதை உங்களிடம் கேட்காமல் முடிவு செய்யலாம் என்று சொல்லுங்கள். இடையில் ஒரு நாளைக் குறித்து அன்றைக்கு மட்டும் பாருங்கள். அழைப்பிதழில் எழுத்து கொஞ்சம் கோணலாக வந்தால் வரட்டும்.

கேள்வி (கிருலப்பனை): கொரோனா, பிறகு 2022 நெருக்கடி. அந்தக் காலத்தில் பாடசாலையை எப்படிக் கொண்டு போனீர்கள்?

2020 மார்ச்சில் பாடசாலைகளை மூடியபோது எங்கள் பிள்ளைகள் பல பேர் வீட்டில் ஒரே ஒரு போன், அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். காலை 8 மணிக்கு சூம் வகுப்பு என்று நேரசூசி போட்டு என்ன பயன்? வட்ஸ்அப்பில் சின்னச் சின்ன ஒலிப்பதிவாக, இரவு ஏழு மணிக்குப் பிறகு அனுப்பினோம். டேட்டாவும் குறைவு, அப்பாவும் வீட்டில். 2022இல் மின்வெட்டு ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை போனபோது அதையும் மாற்ற வேண்டி வந்தது. ஆசிரியர்களில் பாதிப் பேர் பெற்றோல் வரிசையில். அப்போது என்னால் செய்ய முடிந்தது, நாளைக்கு என்ன நடக்கும் என்று ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் சொல்வது. "இன்னும் அறிவித்தல் வரவில்லை" என்றாலும் அதையே அந்த நேரத்துக்குச் சொன்னோம். வதந்தி குறைந்தது.

கேள்வி (உயர்தர மாணவன்): டீச்சர், நான் மாணவர் தலைவன். காலையில் வாசலில் பிந்தி வருபவர்களின் பெயர் எழுத வேண்டும். என் நெருங்கிய நண்பன் தினமும் பிந்தி வருகிறான். எழுதினால் துரோகி, எழுதாவிட்டால் மற்றவர்கள் பார்க்கிறார்கள்.

எழுதுங்கள் மகன். ஆனால் வாசலில் வைத்து அவன் திடுக்கிடக் கூடாது. முதல்நாள் டியூஷன் முடிந்து வரும்போதே சொல்லிவிடுங்கள்: "நாளைக்கு நான்தான் கேட்டில். பிந்தினால் உன் பெயரும் வரும்." வந்தால் சிரிக்காமல், விளக்கம் சொல்லாமல், மற்றவர்களுடைய பெயரை எழுதும் அதே எழுத்தில் எழுதுங்கள். நாலைந்து நாள் கதைக்க மாட்டான். பிறகு இரசாயனவியல் நோட்ஸ் கேட்டு வருவான். கொடுங்கள்.