அடுப்படிக் கேள்வி பதில்

கேள்வி: கேக் செய்முறையில் கோதுமை மா 250 கிராம் என்று இருக்கிறது. எங்கள் வீட்டில் தராசு இல்லை, அரிசி அளக்கும் சுண்டுதான் உண்டு. எப்படி அளப்பது?
- வாசகி, ஒட்டுசுட்டான்

பதில்: பிள்ளை, சுண்டு இடத்தைத்தான் அளக்கும், நிறையை அளக்காது. 240 மில்லிலீற்றர் கோப்பையில் அரித்த கோதுமை மா ஏறத்தாழ 120 கிராம் பிடிக்கும். அதே கோப்பையில் சீனி 200 கிராம், நம் வன்னிக் காட்டுத் தேன் 340 கிராம் வரை நிற்கும். எனவே உங்களுக்கு இரண்டு கோப்பைக்குச் சற்றுக் கூடுதலாக மா வேண்டும்.

சுண்டுகள் எல்லாம் ஒரே அளவில் இருப்பதில்லை. அரை லீற்றர் தண்ணீர்ப் போத்தலிலிருந்து ஊற்றிப் பார்த்தால் உங்கள் சுண்டின் கொள்ளளவு தெரிந்துவிடும்.

மாவைச் சுண்டால் கோரவே கோராதீர்கள்! கரண்டியால் மெல்ல இட்டு, தட்டாமல், கத்தியின் முதுகால் மேலே வழித்துவிடுங்கள். கோரி அமுக்கினால் ஒரு கோப்பையிலேயே 30 கிராம் வரை கூடி, கேக் இறுகிவிடும்.

வறுத்த அரிசி மாவுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. அதை ஒருமுறை கடைத் தராசில் நிறுத்து, சுண்டின் அடியிலேயே எழுதி வையுங்கள். சோற்றுக்கு இதெல்லாம் தேவையில்லை, சுண்டே போதும்.