ஸென் பாதியில் உறைகிறதா? முதலில் சி-ஸ்டேட்டைப் பாருங்கள்

கேள்வி: ஸியான் 5500 வரிசை சர்வர் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கி எக்ஸ்சிபி-என்ஜி போட்டேன் (விர்ச்சுவல் மெஷின்களை ஓட்ட, ஸென் என்ற ஹைப்பர்வைசரின் மேல் அமைந்த சிஸ்டம்). பூட் ஆகும்போது பாதியில் உறைந்துவிடுகிறது. தப்பித்தவறி மேலே வந்தாலும் வேலையில்லாத நேரத்தில் நின்றுபோகிறது. அதே மெஷினில் டெபியன் நன்றாக ஓடுகிறது. லினக்ஸ் கெர்னல் வரியில், கோரின் தூக்கத்தைக் கட்டுப்படுத்தும் இன்டெல்-ஐடில் ஆப்ஷனைச் சேர்த்தும் பலனில்லை. போர்டு போய்விட்டதா?

பதில்: போர்டின்மேல் இப்போதே பழி போட வேண்டாம். சும்மா இருக்கும்போது நிற்கிறது என்கிறீர்களே, அதுதான் நல்ல தடயம்.

ப்ராசஸரில் வேலை இல்லாத கோர், மின்சாரம் மிச்சப்படுத்த சி1, சி3, சி6 என்று படிப்படியாகத் தூங்கப் போகும். இந்தப் படிகள்தான் சி-ஸ்டேட். உங்கள் ஸியான் 5500 சேர்ந்த நெஹேலம் தலைமுறையில் சி3-க்கோ அதற்குக் கீழோ போனால், கோரை எழுப்ப அதற்குள்ளேயே இருக்கும் ஏபிக் டைமரும் நின்றுவிடும். அப்புறம் வெளியே இருக்கும் ஹெச்பெட் டைமர்தான் எழுப்ப வேண்டும். அந்த எழுப்பும் சிக்னல் (இன்டரப்ட்) வந்து சேராவிட்டால் கோர் எழாது, மெஷின் உறையும். இந்தத் தலைமுறை இதற்குப் பேர் போனது. விண்டோஸ் சர்வர் 2008 ஆர்2-வில் ஹைப்பர்-வி (மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்வைசர்) போட்டவர்களுக்கும் இதே சிப்களில் 101 என்ற ஸ்டாப் எரர் வந்தது. சி-ஸ்டேட்டை அணைத்துச் சமாளித்தவர்கள் உண்டு.

சரி, நீங்கள் சேர்த்த ஆப்ஷன் ஏன் வேலை செய்யவில்லை? ஸென் மெஷினில் கோரைத் தூங்க வைப்பது லினக்ஸ் அல்ல, ஸென். லினக்ஸ் அதன் மேல் டாம்-ஜீரோவாக (மற்ற மெஷின்களை நிர்வகிக்கும் முதல் விர்ச்சுவல் மெஷினாக) ஓடுகிறது, அவ்வளவுதான். டாம்-ஜீரோ கெர்னலுக்குக் கொடுத்த ஆப்ஷன் ஸென்னின் காதுக்கே போகாது. பலரும் தடுக்கி விழும் இடம் இதுதான்.

பூட் தொடங்கும்போது வரும் க்ரப் மெனுவில் ‘இ’ கீயை அழுத்துங்கள். மல்டிபூட்2 என்று தொடங்கி ஸென்.ஜிஇஸட் வரும் வரியின் கடைசியில் ஓர் இடைவெளி விட்டு மேக்ஸ், அண்டர்ஸ்கோர், சிஸ்டேட், ஈக்வல் குறி, 1 என்று ஒட்டி ஆங்கிலத்தில் டைப் செய்யுங்கள். அதற்குக் கீழே மாட்யூல்2 வரியில் விஎம்லினஸ் (லினக்ஸ் கெர்னல்) இருக்கும், அதைத் தொடாதீர்கள். எஃப்10 அழுத்தி பூட் செய்யுங்கள். இது அந்த ஒரு பூட்டுக்கு மட்டும்தான் என்பதால் துணிந்து சோதிக்கலாம்.

மெஷின் மேலே வந்து, சும்மா விட்டும் நிற்காமல் ஓடினால், ஸென்-சிஎம்ட்லைன் கருவியால் அதே ஆப்ஷனை நிரந்தரமாக்குங்கள். பயாஸில் மட்டும் சி-ஸ்டேட்டை அணைத்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். கோரைத் தூங்க வைக்கும் ஸென்னின் எம்வெயிட்-ஐடில் டிரைவர், பயாஸ் தரும் சி-ஸ்டேட் பட்டியலைப் பார்க்காமல், இந்த சிப்களுக்குத் தன்னிடம் இருக்கும் பட்டியலைத்தான் எடுத்துக்கொள்ளும்.

இதற்கு விலையும் உண்டு. சும்மா இருக்கும்போது மின்சாரம் கூடுதலாக இழுக்கும். மற்ற கோர்கள் ஆழமாகத் தூங்கினால்தான் ஒற்றைக் கோர் டர்போவின் (தானாக வேகம் கூட்டும் வசதி) உச்சத்தைத் தொடும். இனி அது கிடைக்காது. விர்ச்சுவல் மெஷின்கள் ஓடும் சர்வருக்கு இது பெரிய இழப்பல்ல என்பது என் கருத்து.

இதற்கும் மசியவில்லையென்றால் ஸென் வரியிலேயே நோரீபூட் சேர்த்து பூட் செய்யுங்கள். ஸென் பேனிக் ஆகி (மீள முடியாத பிழையில்) நின்றால், ரீஸ்டார்ட் ஆகாமல் செய்தி திரையிலேயே நிற்கும். அதைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள்.