ஸ்கூல் நோட்டீஸ் விளங்கேல்ல, ஆரிட்டக் கேக்கிறது? ரீச்சர் பதில்கள்

இந்தமுறை வந்த கேள்வியள் கனக்க ஸ்கூல் அறிவித்தல் பற்றித்தான். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, மருதானை, மட்டக்குளி எண்டு இடம் வேறயா இருந்தாலும் எல்லாரும் கேக்கிறது ஒண்டுதான், ஸ்கூல் தகவல் எங்களுக்கு மட்டும் ஏன் பிந்தி வருது, வந்தாலும் ஏன் விளங்காமல் வருது எண்டு. அதால மற்றக் கேள்வியளை அடுத்த இதழுக்கு வச்சிட்டு இதுகளுக்கு மட்டும் ஆறுதலா எழுதுறன்.

கேள்வி: ரீச்சர், என்ர மகன் தமிழ் மீடியம், தரம் 3. ரெண்டு மீடியமும் இருக்கிற ஸ்கூல். வாட்ஸ்அப் குரூப்ல வாற நோட்டீஸ் எல்லாம் சிங்களத்தில போட்டோவாத்தான் வருது. பல் கிளினிக்குக்கு சம்மதக் கடிதம் குடுக்கவேணும் எண்டு வந்ததை நான் விளங்காமல் விட்டிட்டன், திகதி முடிஞ்சு போச்சு, வகுப்பில என்ர பிள்ளை மட்டும் போகேல்ல. தமிழில தாங்கோ எண்டு கேட்டா பிரச்சினைக்காரி எண்டு நினைப்பினமோ, அந்தக் கோபத்தைப் பிள்ளையில காட்டுவினமோ எண்டு பயமாக்கிடக்கு. (ஒரு தாய், வெள்ளவத்தை)

பதில்: தங்கச்சி, முதல்ல அந்தப் பயத்தை விடுங்கோ. நீங்கள் சலுகை ஒண்டும் கேக்கேல்ல. 1987ல அரசியலமைப்புக்கு வந்த 13ஆம் திருத்தத்தோட தமிழும் இந்த நாட்டில அரசகரும மொழி ஆச்சு, 1988ல வந்த 16ஆம் திருத்தம் அதை அலுவலகங்கள்ல எப்பிடிப் பாவிக்கவேணும் எண்டு விரிச்சு எழுதினது. மேல் மாகாணத்தில நிர்வாக மொழி சிங்களம்தான், ஆனா இங்கயும் ஒரு ஆள் அரசாங்க அலுவலகத்தோட தமிழில எழுதித் தொடர்பு வச்சு தமிழிலயே பதில் வாங்கலாம் எண்டு அரசியலமைப்பிலயே இருக்கு. அரசாங்க ஸ்கூலும் அதுக்குள்ளதான் வருது. தமிழ் மீடியம் வகுப்பு ஒண்டை நடத்துற ஸ்கூல் அந்த வகுப்புத் தாய் தகப்பனுக்குத் தமிழில எழுதவேணும் எண்டு எதிர்பாக்கிறதில ஒரு பிழையும் இல்ல.

இனி செய்யவேண்டிய அலுவலைச் சொல்லுறன். தனிய போகாதேங்கோ. அதே வகுப்பில உங்களைப்போல விளங்காமல் இருக்கிற தாய்மார் கட்டாயம் இருப்பினம், சொல்ல வெக்கப்பட்டுக்கொண்டு பேசாமல் இருக்கினம், அவ்வளவுதான். நாலஞ்சு பேராச் சேர்ந்து அதிபருக்கு ஒரு கடிதம் எழுதுங்கோ, தமிழிலயே எழுதுங்கோ, நீட்டி முழக்கத் தேவையில்ல: "தரம் 3 தமிழ்மொழி மூல வகுப்பு மாணவர்களின் பெற்றோருக்கு அனுப்பப்படும் அறிவித்தல்களைத் தமிழிலும் தந்துதவுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்." இதுக்குக் கீழ எல்லாரும் கையெழுத்து வையுங்கோ. ரெண்டு கொப்பி கொண்டு போங்கோ, ஒண்டைக் குடுத்திட்டு மற்றதில திகதியோட ஸ்கூல் சீல் குத்தி வாங்கிக்கொண்டு வாங்கோ. கனபேர் இந்தச் சீலை வாங்காமல் வந்திடுவினம், பிறகு "அப்பிடி ஒரு கடிதம் வரேல்லையே" எண்டு சொன்னா காட்டுறதுக்குக் கையில ஒண்டும் இராது.

அதோட ஒரு உண்மையையும் விளங்கிக்கொள்ளவேணும். கனக்க ஸ்கூல்கள்ல ஒஃபிஸ்ல இருக்கிற கிளாக்குக்குத் தமிழ் ரைப் பண்ணத் தெரியாது, அதால நோட்டீஸைத் தமிழாக்கிற வேலை காலமையில இருந்து மத்தியானம் மட்டும் படிப்பிச்சுக் களைச்ச தமிழ் ரீச்சரின்ர தலையிலதான் விழும், அவவுக்கு நேரம் கிடைக்கேக்குள்ள திகதி முடிஞ்சு போயிருக்கும். அதுக்குத்தான் சொல்லுறன், கடிதத்தோட சேர்த்து "எங்கட பக்கத்தில ரெண்டு பேர் போன்ல தமிழ் ரைப் பண்ணித் தருவினம், ரீச்சர் பாத்து சரி சொன்னாப் போதும்" எண்டும் சொல்லிப்பாருங்கோ. கனக்க அதிபர்மார் இதுக்கு உடனயே ஓம் எண்டுவினம், அவைக்கும் அது உதவிதானே. பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்கும் தவறாமல் போங்கோ. தமிழ் மீடியம் பெற்றோர் ஒருத்தரும் போகாமல் விட்டா கமிட்டியில ஒருத்தரும் இருக்கமாட்டினம், பிறகு எங்களுக்காகக் கதைக்கிறதுக்கும் ஆள் இராது.

கேட்டும் நடக்கேல்லை எண்டா மேல போகலாம். உங்கட ஸ்கூல் தேசிய பாடசாலையா மாகாணப் பாடசாலையா எண்டு முதல்ல தெரிஞ்சுகொள்ளுங்கோ. தேசிய பாடசாலை எண்டா பத்தரமுல்லை இசுருபாயவில இருக்கிற கல்வி அமைச்சு, மாகாணப் பாடசாலை எண்டா வலயக் கல்விப் பணிமனை. கொழும்பு மாவட்டத்தில 4 வலயம் இருக்கு: கொழும்பு, ஸ்ரீ ஜயவர்தனபுர, ஹோமாகம, பிலியந்தலை. தெஹிவளை, மொரட்டுவைப் பக்கம் பிலியந்தலை வலயத்துக்குள்ள வருது, இது தெரியாமல் கொழும்பு வலயத்தில போய் லைன்ல நிண்டிட்டு வாற ஆக்களும் இருக்கினம். அதுக்கும் மேல, 1991ஆம் ஆண்டு 18ஆம் இலக்கச் சட்டத்தால வந்த அரசகரும மொழிகள் ஆணைக்குழு இராஜகிரியவில இருக்கு, மொழி சம்பந்தமான முறைப்பாட்டை அங்க எழுத்தில குடுக்கலாம். அந்த மட்டுக்கும் போகாமலே சரிவரும் எண்டுதான் நான் நம்புறன்.

தமிழில வாற வரைக்கும் ஒரு சின்ன வேலை செய்யுங்கோ. நோட்டீஸ் போட்டோ வந்தா எழுத்து விளங்காட்டியும் இலக்கங்களைத் தேடுங்கோ. திகதி, நேரம், ரூபாக் கணக்கு எல்லாம் எங்களுக்கு விளங்குற இலக்கத்திலதான் இருக்கும். மேல வலப்பக்கம் இருக்கிறது அநேகமா கடிதம் எழுதின திகதி, உள்ளுக்க, அதுவும் கறுப்பா அழுத்தி இருந்தா, அதுதான் நீங்கள் ஏதோ செய்யவேண்டிய கடைசித் திகதி. அதை வட்டம் போட்டு உடனயே குரூப்பில "இந்தத் திகதிக்கு என்ன செய்யவேணும்?" எண்டு கேளுங்கோ. அப்பிடிக் கேட்டா பதில் கெதியா வரும், "என்ன எழுதியிருக்கு" எண்டு பொதுவாக் கேட்டா ஆளாளுக்கு மற்றவர் சொல்லட்டும் எண்டு விட்டிடுவினம்.

கேள்வி: டீச்சர், மழை கொஞ்சம் பலமா பெய்ஞ்சா போதும், நாளைக்கு ஸ்கூல் லீவுன்னு போன்ல வந்துடுது. புயல் நேரம் ஏ/எல் எக்ஸாம் பத்தியும் நாலு விதமா வந்துச்சு, மகள் அழுதுகிட்டே இருந்தா. எத நம்புறது? (ஒரு தகப்பன், கொட்டாஞ்சேனை)

பதில்: தம்பி, உங்கட மகளைப்போல எத்தினை பிள்ளையள் அந்த நாட்கள்ல நித்திரை இல்லாமல் கிடந்ததுகள் எண்டு நினைச்சா எனக்கு இப்பவும் கவலை. 2025 நவம்பர் கடைசியில டித்வா புயல் அடிச்சு வெள்ளம் வந்தாப்பிறகு நடுவில நிண்டுபோன ஏ/எல் பரீட்சை 2026 ஜனவரி 12ல இருந்து திரும்ப நடந்தது, ஆனா அந்தத் திகதியை அறிவிக்க முதலே ஆராரோ தங்கட மனசில பட்ட திகதியை எல்லாம் அனுப்பிக்கொண்டிருந்தினம். பரீட்சைத் திகதியைச் சொல்லுற உரிமை பரீட்சைத் திணைக்களத்துக்குத்தான் இருக்கு. அவையின்ர இணையத்தளத்தில மூண்டு மொழியிலயும் அறிவித்தல் போடுவினம், 1911 எண்ட போன் இலக்கத்துக்கு எடுத்தும் கேக்கலாம். ரியூஷன் மாஸ்டர் சொன்னாலும் சரி, சொந்தக்காரர் சொன்னாலும் சரி, அங்க வராத திகதியைப் பிள்ளையின்ர காதில போடாதேங்கோ.

லீவு விசயத்தில ஆர் சொல்லுறது எண்டு பாருங்கோ. நாடு முழுக்க எண்டா கல்வி அமைச்சு, மாகாணத்துக்கு எண்டா மாகாணம். சில நேரம் ஒரு வலயம் மட்டும், சில நேரம் இடம்பெயர்ந்த ஆக்கள் தங்கியிருக்கிற ஸ்கூல் மட்டும் மூடுவினம். வாற மெசேஜில இந்த விபரம் ஒண்டும் இல்லாமல் "நாளை பாடசாலை விடுமுறை, எல்லோருக்கும் பகிரவும்" எண்டு மட்டும் கிடந்தா அதை நம்பி பிள்ளையை மறிக்காதேங்கோ. கடிதத்தின்ர போட்டோ வந்தாலும் வருஷத்தைப் பாருங்கோ, தலைப்பும் சீலும் கையெழுத்தும் எல்லாம் உண்மையான கடிதம்தான், ஆனா ரெண்டு வருஷத்துக்கு முந்தின மழைக்கு வந்த கடிதமா இருக்கும். சந்தேகமெண்டா வகுப்பு ரீச்சருக்கு ஒரு கோல் எடுங்கோ. அதோட ஒண்டு, உறுதியாத் தெரியாததை நீங்களும் அடுத்த குரூப்புக்குத் தள்ளாதேங்கோ.

கேள்வி: டீச்சர், மூத்த மகன் முஸ்லிம் ஸ்கூல், சின்னவ வேற ஸ்கூல். தவணை லீவு ரெண்டு பேருக்கும் வேற வேற நாள்ல வருது, நியூஸ்ல ஒண்ணு சொல்றாங்க, ஸ்கூல்ல ஒண்ணு சொல்றாங்க. (ஒரு உம்மா, மருதானை)

பதில்: அது பிழையில்ல தங்கச்சி. நோன்பு காலத்துக்கு ஏத்தமாதிரி முஸ்லிம் பாடசாலைகளுக்குத் தவணை அட்டவணை வேறயாப் போடுறவை. அமைச்சின்ர அறிவித்தல்ல "சிங்கள, தமிழ்ப் பாடசாலைகள்" எண்டு ஒரு வரியும் "முஸ்லிம் பாடசாலைகள்" எண்டு இன்னொரு வரியும் இருக்கும், நியூஸ்ல அவசரத்தில முதல் வரியை மட்டும் வாசிச்சிட்டு விட்டிடுறதும் உண்டு. வருஷத் தொடக்கத்தில ரெண்டு அட்டவணையையும் எடுத்து ஒரே கலண்டர்ல ரெண்டு நிறப் பேனையால குறிச்சு வையுங்கோ.

கேள்வி: மகளை அடுத்த வருஷம் தரம் 1க்கு சேர்க்கவேணும். மட்டக்குளியில வாடகை வீடு. அறிவித்தல் எப்ப வரும், வாடகைக்காரருக்கு இடம் குடுப்பினமோ? ஒருத்தர் காசு தந்தா எடுத்துத் தாறன் எண்டும் சொல்லுறார். (பேர் வேண்டாம், மட்டக்குளி)

பதில்: கடைசியில சொன்னதுக்கு முதல்ல பதில். ஒரு சதமும் குடுக்காதேங்கோ. தரம் 1 அனுமதிக்குக் காசு வாங்குறது இலஞ்சம், 1954 எண்ட போன் இலக்கத்துக்கு எடுத்து இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவுக்குச் சொல்லலாம். ஏழைத் தகப்பன்மார் தாலிக்கொடியை அடகு வச்சுக் குடுத்து ஏமாந்து நிக்கிற கதையளைக் கேட்டுக் கேட்டு நெஞ்சு நொந்துபோச்சு.

பிள்ளைக்கு, சேர்க்கிற வருஷம் ஜனவரி 31க்குள்ள 5 வயசு முடிஞ்சிருக்கவேணும். அறிவித்தலும் விண்ணப்பப் படிவமும் வழக்கமா முந்தின வருஷம் நடுப்பகுதியில பேப்பர்லயும் அமைச்சின்ர இணையத்தளத்திலயும் வரும், அதோட வாற சுற்றறிக்கையையும் எடுத்துத் தமிழில ஒருக்கா முழுக்க வாசியுங்கோ, ஏனெண்டா சின்னச் சின்ன மாற்றம் வரும். இடம் பிரிக்கிறது இப்பிடி: ஸ்கூலுக்குக் கிட்ட இருக்கிற ஆக்களுக்கு 50 வீதம், பழைய மாணவரின்ர பிள்ளையளுக்கு 25, அக்கா அண்ணா அங்க படிச்சா 15, கல்வித்துறை ஊழியரின்ர பிள்ளையளுக்கு 5, இடமாற்றத்தில வந்த அரச ஊழியருக்கு 4, வெளிநாட்டில இருந்து திரும்பின ஆக்களுக்கு 1. உங்களுக்குப் பொருந்துறது முதலாவது.

அதில புள்ளி கிடைக்கிறது வசிப்பிடத்தை நிரூபிக்கிறதில. சொந்த வீட்டு உறுதி இருக்கிற ஆக்களுக்குப் புள்ளி கூடுதலா வரும், பதிஞ்ச குத்தகை ஒப்பந்தத்துக்குக் குறைவா வரும், ஆனா வாடகைக்காரருக்குக் கதவு பூட்டின மாதிரி இல்ல. கனக்கப் புள்ளி வாக்காளர் இடாப்பில இருக்கு, முந்தின 5 வருஷப் பதிவைப் பாப்பினம். கனக்க வீட்டுக்காரர் "இந்த விலாசத்தில பதியாதேங்கோ" எண்டு சொல்லுவினம், வீடு போயிடும் எண்டு அவைக்கு ஒரு பயம். வாக்காளர் பதிவு வீட்டுக்கு உரிமை தராது எண்டு அவைக்கு அமைதியா விளங்கப்படுத்துங்கோ, அதுக்குப் பிறகும் மாட்டன் எண்டா நேரா கிராம சேவகரிட்டப் போங்கோ, நீங்கள் உண்மையில குடியிருக்கிற இடத்தில பதியிறது உங்கட உரிமை. பிள்ளை பிறந்த வருஷமே இதைச் செய்யவேணும், இதை வாசிக்கிற புதுத் தாய் தகப்பன்மார் இந்தக் கிழமையே போங்கோ.

இன்னொண்டு, உங்கட வீட்டில இருந்து நீங்கள் கேக்கிற ஸ்கூல் தூரமா இருந்து, இடையில பிள்ளையைச் சேர்க்கக்கூடிய வேற அரசாங்க ஸ்கூல் இருந்தா ஒவ்வொண்டுக்கும் புள்ளி வெட்டுவினம். பேர்பெற்ற ஸ்கூல் ஒண்டை மட்டும் நம்பி இருக்காமல் கிட்ட இருக்கிறதுகளுக்கும் போடுங்கோ. பதிவுத் தபாலில அனுப்பி ரிசீற்றை வையுங்கோ. நேர்முகப் பரீட்சை முடிஞ்சு தற்காலிகப் பட்டியலை ஸ்கூல் நோட்டீஸ் போர்ட்ல ஒட்டுவினம், அதைப் போய்ப் பாத்து போன்ல படம் எடுங்கோ, மேன்முறையீட்டுக்குக் குடுக்கிற நாட்கள் கொஞ்சம்தான். புள்ளி எப்பிடிப் போட்டவை எண்டு தெரியவேணுமெண்டா 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில தமிழிலயே எழுதிக் கேக்கலாம், 14 வேலை நாளுக்குள்ள முடிவு சொல்லவேணும்.

கேள்வி: வகுப்புக்குப் பெயின்ற் அடிக்கக் காசு கேட்டு நோட்டீஸ் வந்திருக்கு. எங்களால ஏலாது. பிள்ளையை எழுப்பி நிப்பாட்டுவினமோ? (ஒரு வாசகி, கிராண்ட்பாஸ்)

பதில்: ஏலாது எண்டா ஏலாது எண்டு வகுப்பு ரீச்சருக்கு ஒரு துண்டில எழுதிக் குடுங்கோ அம்மா. 1945ல இருந்து இந்த நாட்டில இலவசக் கல்வி, காசு தராததுக்காக ஒரு பிள்ளையையும் வகுப்பில தலைகுனிய வைக்க ஏலாது. தாற ஆக்களும் பற்றுச்சீட்டு இல்லாமல் தராதேங்கோ. பிள்ளையை அவமானப்படுத்தினா அதிபரிட்ட எழுத்தில சொல்லுங்கோ, அடி, கொடுமை எண்டு போனா சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின்ர 1929 இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம்.

கேள்வி: மகனும் மருமகளும் வெளிநாட்டில, பேரனை நான்தான் பாக்கிறன். என்னட்ட ஸ்மார்ட் போன் இல்ல. ஸ்கூல் தகவல் எல்லாம் வாட்ஸ்அப்பிலதானாம். (ஒரு அப்பம்மா, பம்பலப்பிட்டி)

பதில்: அம்மா, வகுப்பு ரீச்சரை நேர போய்ச் சந்தியுங்கோ, வாட்ஸ்அப் இல்லை எண்டு சொல்லுங்கோ, முக்கியமான அறிவித்தலைப் பேரன்ர கொப்பியில எழுதிவிடச் சொல்லிக் கேளுங்கோ, நீங்கள் வாசிச்சிட்டு கீழ கையெழுத்து வச்சு அனுப்புங்கோ. மருமகளையும் அந்தக் குரூப்பில சேர்க்கச் சொல்லலாம், அவ அங்க பாத்திட்டு உங்கட வீட்டுப் போனுக்கு எடுத்துச் சொல்லுவா. ரெண்டு வழியும் இருக்கட்டும், ஒண்டு தவறினா மற்றது இருக்கும். உங்கட வீட்டு நம்பரையும் ரீச்சரிட்டக் குடுத்திட்டு வாங்கோ.