ஐ3-ஆ, ரைசனா?

கேள்வி: கேம் ஆட கம்ப்யூட்டர் கட்டப் போகிறேன். ப்ராசசருக்கு (கம்ப்யூட்டரின் மூளையான சிப்) இன்டெல் ஐ3-12100எஃப் போதுமா, கூடக் கொஞ்சம் போட்டு ஏஎம்டியின் ரைசன் 5 5600 வாங்கவா?
– கல்லூரி மாணவர், மதுரை

பதில்: வாலரன்ட் கேம் மட்டும்தான் என்றால் ஐ3 தாராளமாகப் போதும், மிச்சப் பணத்தை கிராபிக்ஸ் கார்டில் போடுங்கள். ஆனால் சைபர்பங்க் 2077 மாதிரி கேமில் கூட்டமான சந்தைக்குள் நுழைந்ததும் ஐ3-யின் 4 கோரும் (சிப்புக்குள் கணக்குப் போடும் பகுதிகள்) மூச்சு வாங்கும், படம் திக்கித் திக்கி நகரும், அங்கே ரைசனின் 6 கோரும் 32 எம்பி கேஷும் (சிப்புக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகம், ஐ3-ல் 12தான்) நன்றாகவே கைகொடுக்கும். நான் ரைசனையே வாங்குவேன். அப்புறம், இரண்டிலுமே உள்ளேயே கிராபிக்ஸ் கிடையாது, தனி கார்டு இல்லாமல் திரையில் ஒன்றும் வராது. ரைசனில் பின்கள் (ஊசி போன்ற மெல்லிய கம்பிகள்) சிப்பின் அடியிலேயே இருக்கும், மூலையிலுள்ள முக்கோணக் குறியைப் பார்த்து மதர்போர்டில் மெதுவாக வையுங்கள், அழுத்தவே வேண்டாம்.