முதுகில் ஒட்டிய பெட்டி எதை அளந்தது?

கேள்வி: பனியன் கம்பெனி ஒன்றில் ஓவர்லாக் டைலராக இருக்கிறேன். சென்ற மாதம் சிலர் வந்து, தீப்பெட்டி அளவிலான கருவிகளை எங்களில் ஆறு பேருக்குக் கழுத்துக்குக் கீழே முதுகிலும் மேற்கையிலும் ஒட்டி, ஒரு ஷிப்ட் முழுவதும் வைத்திருந்தார்கள். கேமரா ஏதும் இல்லை. நான் குனிவது அதற்கு எப்படித் தெரியும்? கழுத்தும் தோளும் வலிக்கின்றன என்று சொல்லியும், உட்காரும் முறையில் குறையில்லை என்கிறார்கள். நம்பலாமா? எத்தனை முறை எழுந்து போனேன் என்பதும் அதில் பதிவாகுமா?
– வாசகி, திருப்பூர்

பதில்: பெட்டிக்குள் வேகம் மாறுவதை அளக்கும் முடுக்கமானி, திரும்பும் வேகத்தை அளக்கும் சுழற்சிமானி என்ற இரு நுண்கருவிகள் உண்டு, பலவற்றில் காந்தமானியும் இருக்கும். கைபேசியைச் சாய்த்தால் திரை திரும்புகிறதே, அதைச் செய்வதும் முடுக்கமானிதான். பூமியின் ஈர்ப்பு எந்நேரமும் நேர்கீழாகவே இருப்பதால், அந்தத் திசையிலிருந்து பெட்டி எத்தனை டிகிரி விலகியிருக்கிறது என்று கணக்கிட்டால் முதுகின் சாய்வு தெரிந்துவிடும். கை விரைந்து அசையும்போது அசைவின் முடுக்கமும் ஈர்ப்போடு கலந்துவிடும் என்பதால் சுழற்சிமானியின் துணை தேவை. காந்தமானி திசை காட்டுவது; உங்கள் மெஷினின் இரும்புத் தலையும் மோட்டாரும் அருகிலிருந்தால் அது தடுமாறும், ஆனால் முன்சாய்வின் கணக்கை அது கெடுப்பதில்லை. நொடிக்கு 50 முறை பதிவு செய்யும் கருவியானால், எட்டு மணி நேரத்தில் ஒரு பெட்டியிலிருந்து 14,40,000 பதிவுகள் சேரும்.

ஒட்டியவுடன் உங்களை நேராக நிற்கச் சொல்லியிருப்பார்கள். அந்தச் சில நொடிகளின் நிலையைத்தான் கருவி சுழியம் என்று எடுத்துக்கொள்ளும். அப்போது பத்து டிகிரி கூனி நின்றிருந்தால், அன்றைய கணக்கு முழுவதிலும் பத்து டிகிரி குறைந்துபோகும்.

எனக்கு நெருடுவது வேறொன்று. முதுகில் ஒட்டிய பெட்டி முதுகைத்தான் அளக்கும். கழுத்து எவ்வளவு மடங்குகிறது என்று அறியத் தலையிலும் ஒரு பெட்டி வேண்டும், இரண்டின் வித்தியாசமே கழுத்தின் கோணம். ஊசிமுனையைப் பார்த்தே தைக்கும் டைலரின் முதுகு ஓரளவு நிமிர்ந்திருந்தாலும் தலை கவிழ்ந்தே இருக்கும். நீங்கள் எழுதியபடி இரண்டே இடங்களில்தான் ஒட்டினார்கள் என்றால், வலிக்கிற கழுத்தை அவர்கள் அளக்கவே இல்லை.

வேலையின்போது உடலை வைத்திருக்கும் விதத்தை மதிப்பிட உலகெங்கும் பயன்படும் ரூலா என்ற முறையை, 1993இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் லின் மெக்அடாம்னியும் நைஜல் கார்லெட்டும் வெளியிட்டார்கள். அதை உருவாக்கும்போது அவர்கள் கவனித்தவர்களில் ஆடைத் தொழிலாளர்களும், அவர்களுள் தையல் மெஷினில் அமர்ந்தவர்களும் உண்டு என்பது உங்களுக்குப் பொருத்தமான செய்தி. அதன்படி கழுத்து 20 டிகிரிக்கு மேல் முன்னே மடங்கினால் மதிப்பெண் 3. மேற்கை 20 டிகிரிக்குள் இருந்தால் 1 மட்டுமே. அதே நிலையில் ஒரு நிமிடத்துக்கு மேல் அசையாமல் இருந்தால் மேலும் ஒன்று கூடும். மதிப்பெண் ஏற ஏற ஆபத்தும் ஏறும். ஆகவே சராசரிக் கோணத்தை மட்டும் காட்டினால் ஏற்காதீர்கள்: பாதி நேரம் 60 டிகிரி குனிந்து, பாதி நேரம் நிமிர்ந்திருந்தவருக்கும் சராசரி 30தான். எத்தனை டிகிரியில் தொடர்ந்து எத்தனை நிமிடம் என்று கேளுங்கள். துணிக்கட்டைத் தூக்கும்போது அதன் எடை எவ்வளவு என்பதும் இந்தப் பெட்டிக்குத் தெரியாது. வலியோ, அறவே தெரியாது.

எழுந்து போனது பதிவாகும். எழும்போது முதுகு முன்சாய்ந்து நிமிர்வதும், நடையின் அதிர்வும் நேரத்தோடு பதிவில் இருக்கும். எங்கே போனீர்கள் என்பது மட்டும் இராது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வேலை சார்ந்த சில நோக்கங்களுக்கு ஒப்புதல் இன்றியே தரவைக் கையாள இடம் தருவதால், அந்தப் பதிவு யாரிடம் இருக்கும், சூப்பர்வைசர் பார்ப்பாரா, என்றைக்கு அழிக்கப்படும் என்பவற்றை எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது. அடுத்த முறை ஆறு பேரும் சேர்ந்தே கேளுங்கள். தலையிலும் ஒரு பெட்டி ஒட்டச் சொல்லுங்கள்.